கணுக்கால் அடிக்கடி மடங்குகிறது: ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, பழனிக்கு நடக்கலாமா?

கேள்வி: எனக்கு 37 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன்; நாள் முழுக்க நின்றபடிதான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணத்தில், மண்டபத்துப் படியில் வலது கால் உள்பக்கமாக மடங்கி விழுந்துவிட்டேன். என் அமுச்சி (அம்மாவின் அம்மா) விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டார். வீக்கம் வடியாததால் நாட்டு வைத்தியரிடம் மூன்று வாரம் கட்டுப் போட்டோம். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். ஆனால் அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அதே கால் மடங்குகிறது. இந்த ஆண்டு சமதரையில் நடக்கும்போதே மடங்கியது. மாலையானால் வீங்கிவிடுகிறது. ஒரு முறை கணுக்காலில் ஊசி போட்டார்கள்; இரண்டு மாதம் நன்றாக இருந்தது. பிசியோதெரபியில் பத்து நாள் கரண்ட் வைத்தார்கள். இப்போது எம்ஆர்ஐ ஸ்கேனில் வெளிப்பக்க ஜவ்வு ஒன்று கிழிந்திருக்கிறது, இன்னொன்று தொய்ந்திருக்கிறது, குருத்தெலும்பில் 8 மில்லிமீட்டர் அளவுக்குச் சேதம் இருக்கிறது என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். ‘கத்தி வைத்த கால் பழைய கால் ஆகாது’ என்கிறார் மாமியார். வலி இல்லாத நாட்களில் எனக்கும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டுதல் இருக்கிறது. முதலில் அதை முடித்துவிடலாமா? பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாமல் இருக்கும்? வள்ளிக்கும்மி பழகிக்கொண்டிருந்தேன், இனி ஆட முடியுமா?
— ஒரு வாசகி, அவிநாசி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆபரேஷன் தேவைப்படும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வாரமே போய்ப் படுக்க வேண்டிய அவசரம் இல்லை. பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறையில் செய்துகொள்ளலாம். அதுவரை உள்ள மாதங்களில் இதுவரை ஒருமுறைகூட உங்களுக்குக் கிடைக்காத சிகிச்சை ஒன்று பாக்கி இருக்கிறது. பழனிக்கு இந்தத் தைப்பூசத்தில் நடக்க வேண்டாம். காலைத் தொட்டு, அசைத்துப் பார்க்காமல் கடிதத்தையும் ஸ்கேன் அறிக்கையையும் வைத்துச் சொல்வது இது. உங்கள் டாக்டர் காலைப் பார்த்திருக்கிறார், அவர் சொல்லுக்கு என் சொல்லைவிட எடை அதிகம்.

‘வலி இல்லாத நாட்களில் வேண்டாம் என்று தோன்றுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கணுக்கால் சிக்கலோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். கணக்கே தவறு. தீபாவளி விடுமுறையில் கம்பெனி மூடியிருக்கும் ஒரு வாரத்தில் வலி குறையும். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கிக்கொண்டு ஓவர்டைம் பார்க்கும்போது கூடும். அந்த வலி உங்கள் வேலையின் அளவைக் காட்டுகிறதே தவிர, காலின் நிலையைக் காட்டவில்லை. நீங்கள் எண்ண வேண்டியது, கால் எத்தனை முறை மடங்கியது, எப்படிப்பட்ட தரையில் மடங்கியது என்பதைத்தான். கல்லும் குழியுமான பாதையில் எவர் காலும் மடங்கும். ஆறு மாதத்துக்கு முன் படியில் மடங்கிய கால் இன்று வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் மடங்குகிறது என்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கணுக்கால் இறங்குமுகத்தில் இருக்கிறது. ஒரு நாட்குறிப்பில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் ‘ரொம்ப வலிக்கிறது’ என்று சொல்வதைவிட இந்தப் பட்டியலைக் காட்டுவது நூறு மடங்கு பயன்படும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கணுக்காலின் வெளிப்பக்க மொழியிலிருந்து, அதாவது புடைத்துத் தெரியும் எலும்பு முனையிலிருந்து, மூன்று ஜவ்வுகள் கீழே இறங்கிப் பாதத்து எலும்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முதலில் அறுவது முன்பக்கத்து ஜவ்வு. அடி பலமாக இருந்தால் அடுத்தது, குதிகால் எலும்புக்குப் போகும் ஜவ்வு. உங்கள் ஸ்கேனில் இருப்பவை இந்த இரண்டும்தான். ஜவ்வு என்றால் வெறும் கட்டுக்கயிறு என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் சாயத் தொடங்கிய அந்த நொடியிலேயே அவை மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. காலின் வெளிப்பக்கத்துத் தசைகள் உடனே இழுத்துப் பிடித்து நம்மைக் காப்பாற்றுகின்றன. ஜவ்வு கிழியும்போது இந்தத் தகவல் ஓட்டமும் கெடுகிறது. ஆகவே உங்கள் காலில் இரண்டு வகைத் தளர்ச்சி இருக்கிறது. ஒன்று, ஜவ்வு நீண்டு போனதால் மூட்டு தொளதொளவென்று ஆனது. இன்னொன்று, தசைகள் தாமதமாக விழித்துக்கொள்வது. முதலாவதைக் கத்திதான் சரிசெய்ய முடியும். இரண்டாவதைக் கத்தியால் தொடவே முடியாது, பயிற்சியால் மட்டும்தான் முடியும். இந்த வேறுபாட்டை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது.

அமுச்சியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சுளுக்கு என்றால் எண்ணெய் தடவி நீவுவது, இரட்டைப் பிள்ளை பெற்றவர் கை பட்டால் விலகிவிடும் என்பது, இவையெல்லாம் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு இருப்பவைதான். புதிதாகக் கிழிந்த ஜவ்வை முதல் இரண்டு மூன்று நாட்களில் அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடி வீக்கம் அதிகமாகும். அதனால்தான் உங்களுக்கு வடியவில்லை. நாட்டு வைத்தியரின் கட்டையும் நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். மிகவும் இறுக்கிக் கட்டினால் தோல் கொப்பளிக்கும், சில நேரம் ரத்த ஓட்டமே தடைபடும். உங்களுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. எலும்பு முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் கட்டியதுதான் ஆபத்தான பகுதி. 1992இல் கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் இதற்கு ஓர் எளிய விதியை வகுத்தார்கள். மொழி எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ விரலால் அழுத்தினால் வலித்தாலும், அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் வந்த பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உங்களுக்கு இது காலம் கடந்த செய்தி. உங்கள் பிள்ளைகள் விளையாடிவிட்டு நொண்டிக்கொண்டு வரும் நாளில் நினைவில் இருக்கட்டும்.

உண்மையான பிழை கட்டு அவிழ்த்த பிறகு நடந்தது. அதாவது, எதுவுமே நடக்காதது. வீக்கம் வடிந்தால் சுளுக்கு சரியாகிவிட்டது என்று ஊரே நம்புகிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள், சில மருத்துவமனைகளும் நம்புகின்றன. அந்த நேரத்தில் ஆறு வாரம் பயிற்சி கொடுத்திருந்தால் இன்று இந்தக் கடிதமே வராமல் போயிருக்க வாய்ப்பு உண்டு.

இப்போது நீங்கள் சொல்லும் ‘பத்து நாள் கரண்ட்’ விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கொஞ்சம் கோபம் வரும் இடம் இது. கரண்ட் வைப்பதும் அல்ட்ராசவுண்ட் வைப்பதும் வலியைக் கொஞ்சம் தணிக்கலாம். மெஷினைக் காலில் ஒட்டிவிட்டுப் படுத்திருந்தால் எந்தத் தசையும் விழித்துக்கொள்ளப் போவதில்லை. அதைப் பிசியோதெரபி முடித்ததாகக் கணக்கில் எழுதிக்கொண்டு, ‘பிசியோ பலிக்கவில்லை, ஆகவே ஆபரேஷன்’ என்று அடுத்த படிக்கு ஏறுவது முறையல்ல. உங்களுக்குத் தேவை, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தரும் சமநிலைப் பயிற்சி. பன்னிரண்டு வாரம், வாரத்தில் ஐந்து நாளாவது, நாளுக்கு இருபது நிமிடம்.

தொடக்கம் மிக எளிது. சமையல் மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு வலது காலில் மட்டும் அரை நிமிடம் நிற்க வேண்டும். ஆடாமல் நிற்க முடிந்தால் விரலை எடுத்துவிடுங்கள். அதுவும் பழகினால் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். அப்போதுதான் உங்கள் கணுக்கால் எவ்வளவு குருடாக இருக்கிறது என்பது தெரியும். இடது காலில் எளிதாக நிற்கும் நீங்கள் வலது காலில் நான்கு நொடியில் தடுமாறுவீர்கள். அதன் பிறகு மடித்த போர்வை மேல், அப்புறம் ஆடும் பலகை மேல். ரப்பர் பட்டையை மேசைக் காலில் கட்டிப் பாதத்தை வெளிப்பக்கமாக இழுக்கும் பயிற்சி வெளிப்பக்கத் தசைகளுக்கானது. குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் எழுந்து மெதுவாக இறங்குவது கெண்டைக்காலுக்கு. கடைசியில்தான் குதிப்பதும் திரும்புவதும். பயிற்சி செய்யும்போது மூட்டுக்குள் குத்தும் வலியோ, அன்று இரவு வீக்கம் கூடுவதோ இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். கண்ணை மூடி நிற்கும் பயிற்சியைச் சுவர் மூலையில் செய்யுங்கள், விழுந்தால் பிடிக்க இரண்டு சுவர் இருக்கும்.

இதோடு கூடவே ஒரு பிரேஸ் வாங்க வேண்டும். மெடிக்கல் கடையில் சாக்ஸ் மாதிரி கிடைக்கும் எலாஸ்டிக் உறை வெதுவெதுப்பாக இருக்கும், காலைப் பிடிக்காது. லேஸ் கட்டி, இரு பக்கமும் பட்டை சுற்றி இறுக்கும் வகைதான் மடங்குவதைத் தடுக்கும். செக்கிங் மேசையில் நிற்கும் நேரம் முழுக்க அதைக் கட்டி, மேலே அகலமான குதியுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சுடிதாருக்கு ஷூ பொருந்தாது என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஹவாய் செருப்பைக் குளியலறையோடு நிறுத்திவிடுங்கள்.

அந்த ஊசியை மறுபடி போட்டுக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது ஸ்டீராய்டாக இருந்திருக்கும். வீக்கத்தை அடக்கி இரண்டு மாதம் நிம்மதி தரும்; ஆனால் ஜவ்வை ஒட்டவைக்காது, பக்கத்தில் இருக்கும் தசைநாரையும் திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பையும் நலிவடையச் செய்யும். வலி இல்லாததால் நீங்களும் அதே காலில் முழு வேகத்தில் ஓடுவீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ‘ஒரு செட் மாத்திரை’யும் இப்படித்தான். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நின்று வேலை செய்பவர்கள் மாலையில் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதை நான் அறிவேன். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். கணுக்காலுக்காகச் சிறுநீரகத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவு பயிற்சி செய்தால் ஆபரேஷன் இல்லாமலே தப்பிக்க முடியாதா என்று கேட்பீர்கள். பலர் தப்பித்துவிடுகிறார்கள். நீங்களும் தப்பித்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சமதரையில் மடங்கியது, குருத்தெலும்பில் சேதம் என்ற இரண்டும் சேர்ந்திருப்பதால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. முழங்கால் மூட்டு பெரும்பாலும் வயதாலும் எடையாலும் தேய்கிறது. கணுக்கால் மூட்டு அப்படியல்ல. வயதானால்கூட எளிதில் தேயாத மூட்டு அது. அது தேய்ந்திருந்தால் பெரும்பாலும் பழைய அடி ஒன்று காரணமாக இருக்கும். கால் மடங்கும் ஒவ்வொரு முறையும் கணுக்கால் மூட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் தாலஸ் என்ற எலும்பின் ஓரம் மேலே உள்ள எலும்பில் இடிக்கிறது. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. உடைந்த இடம் முன்பு இருந்தபடி வளராது. உங்களுக்கு இருக்கும் 8 மில்லிமீட்டர் சிறியதுதான், சிறிய துளை வழியாகவே சுத்தம் செய்துவிடலாம். இன்னும் பத்தாண்டு இப்படியே மடங்கிக்கொண்டிருந்து மூட்டு முழுவதும் தேய்ந்துபோனால், அப்போது இருக்கும் வழிகள் இரண்டுதான்: எலும்புகளை ஒன்றாக ஒட்டவைத்து மூட்டை அசையாமல் செய்துவிடுவது, அல்லது செயற்கை மூட்டு. இரண்டும் பெரிய ஆபரேஷன். இப்போது ஜவ்வைச் சரிசெய்தால் பிற்காலத் தேய்மானம் நிச்சயமாக வராது என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. மடங்குவது நின்றால் இடிபடுவது நிற்கும், அவ்வளவு சொல்லலாம்.

பன்னிரண்டு வாரப் பயிற்சிக்குப் பிறகும், பிரேஸ் போட்டும், கால் மடங்கினால் ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்கள். பயிற்சி வீணாகாது. தசை வலுவோடு மேசைக்குப் போகிற கால் சீக்கிரம் எழுந்து நடக்கும்.

ஆபரேஷன் என்ன என்று உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டும்படி சொல்கிறேன். தொய்ந்த கயிற்றுக் கட்டிலை என்ன செய்வோம்? கயிற்றை அறுத்து எறிய மாட்டோம், இழுத்து இறுக்கி மறுபடி சட்டத்தில் முடிச்சுப் போடுவோம். அதேதான் இது. லென்னார்ட் புரோஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் 1966இல் விவரித்த முறை. 1980இல் கூல்ட் என்ற அமெரிக்க மருத்துவர், பக்கத்தில் உள்ள உறுதியான திசுவையும் மேலே இழுத்துத் தைக்கும்படி அதைத் திருத்தினார். இன்றைக்கும் உலகமெங்கும் முதலில் கையில் எடுப்பது இந்த முறையைத்தான். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். முதலில் கேமரா நுழைத்து மூட்டுக்குள் பார்த்துக் குருத்தெலும்புச் சேதத்தைச் சுத்தம் செய்வார்கள். தேவையானால் அடியில் உள்ள எலும்பில் நுண்ணிய துளைகள் இட்டு ரத்தம் கசியச் செய்வார்கள், அதிலிருந்து வடுத்திசு வளர்ந்து குழியை மூடும். பிறகு வெளிமொழிக்குக் கீழே சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, தொய்ந்த ஜவ்வைச் சுருக்கி, ஆங்கர் எனப்படும் சிறிய பிடிகளால் எலும்பில் பதிப்பார்கள். மொத்தத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். உங்கள் ஜவ்வு தைக்கவே முடியாதபடி நைந்திருந்தால், முழங்கால் பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்துப் புது ஜவ்வு செய்வார்கள். அந்த வாய்ப்பையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் சொல்வது முழுப் பொய் அல்ல. அவர் பார்த்திருக்கக்கூடிய ‘கத்தி வைத்த கால்கள்’ பெரும்பாலும் பைக் விபத்தில் எலும்பு நொறுங்கி, தகடும் திருகும் போட்ட கால்கள். அவை நொண்டுவதற்குக் கத்தி காரணமல்ல, விபத்துதான். உங்கள் ஆபரேஷன் அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் இதிலும் குறைகள் நேரலாம். பாதத்தின் மேற்புறத்தில் ஓரிடம் மரத்துப்போகலாம், நரம்பு அந்த வழியாகத்தான் ஓடுகிறது. புண்ணில் கிருமி சேரலாம். சர்க்கரை நோய் இருந்தால் அந்த அபாயம் கூடும், இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். முதல் சில மாதம் கால் இறுக்கமாக இருக்கும். ஆபரேஷனுக்குப் பின் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ காலை விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு வாரம் மாவுக்கட்டோடு, கால் தரையில் படவே கூடாது. பெரும்பாலும் தலையணை மேல் காலை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். தையல் பிரித்ததும் பூட்ஸ் போன்ற ஒரு காப்பு போட்டு, டாக்டர் சொல்லும் அளவுக்குப் படிப்படியாக எடையை வைப்பீர்கள். எலும்பில் துளையிட்டிருந்தால் இந்தக் கட்டம் ஆறு வாரம் வரை நீளலாம். ஆறு வாரத்துக்குப் பின் ஷூவும் பிரேஸும், மறுபடி அதே சமநிலைப் பயிற்சி. உட்கார்ந்து செய்யும் வேலையானால் ஆறு வாரத்தில் போகலாம். உங்கள் வேலைக்கு மூன்று மாதம் என்று கணக்கு வையுங்கள், அதிலும் முதல் இரண்டு வாரம் அரை நாள் வேலைக்குக் கேளுங்கள். மாலை வீக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் எட்டிப் பார்க்கும், பயப்பட வேண்டாம். ஏப்ரல் கடைசியில் செய்துகொண்டால் ஜூனில் பள்ளி திறக்கும்போது மெல்ல நடப்பீர்கள், ஆடி தொடங்கிச் சில நாட்களில் வேலைக்குத் திரும்பலாம். வலது கால் என்பதால் ஸ்கூட்டியை இரண்டு மாதத்துக்குத் தொடாதீர்கள். பிரேக் கையில்தானே இருக்கிறது என்று வாதாடாதீர்கள். வண்டி சாயும்போது தன்னையறியாமல் ஊன்றுவது கால்தான்.

வீட்டைத் தயார்செய்வதைப் பற்றி டாக்டர்கள் பேசுவதே இல்லை, நோயாளிகள் திணறுவது அங்கேதான். ஒற்றைக் காலில் குந்தி உட்காரும் கழிவறையைப் பயன்படுத்த முடியாது. வெஸ்டர்ன் கழிவறை இல்லாவிட்டால் நடுவில் துளையிட்ட கமோடு நாற்காலி ஒன்றை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மாவுக்கட்டை மூட ஒரு பிளாஸ்டிக் உறை. ஈரத் தரையில் அக்குள் கட்டையைவிட வாக்கர் நல்லது. கால்மிதி எல்லாவற்றையும் சுருட்டி மேலே போடுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுவது மூன்று மாதத்துக்கு மகள் கையிலோ மாமியார் கையிலோ இருக்கட்டும், குந்தி உட்காருவதுதான் கணுக்காலுக்குக் கடைசியாகத் திரும்பி வரும் அசைவு. கணவர் சமைக்கப் பழகுவதற்கும் இந்த நான்கைந்து மாதம் தாராளமாகப் போதும்.

மெட்டியைக் கழற்ற வேண்டும். கொலுசைப் பற்றி யாரும் தகராறு செய்வதில்லை, மெட்டி என்றால் ஆபரேஷன் அறை வாசலில் அழுகையே நடக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் விரல்கள் வீங்கும். வீங்கிய விரலில் மாட்டிய மெட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். மருத்துவமனையில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விடாமல் ஒரு வாரம் முன்பே வீட்டில் மாமியாரிடம் பேசி, சோப்பு போட்டுக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பணத்துக்கு முதலில் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்காக முக்கால் சதவீதம் பிடித்திருக்கிறார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இந்தத் திட்டத்துக்குள் வருவார்கள். பிடித்திருந்தால் சிகிச்சைக்குக் கோவை சிங்காநல்லூரில் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதைவிட முக்கியம், வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். உங்களுக்குத் தேவையான மூன்று மாதமும் ஏறத்தாழ அதுதான். பங்களிப்புக் காலம் எனப்படும் ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதால் இடையில் கம்பெனி மாறாமல், விடுப்பைக் குவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீஸ் ரேட் என்று சொல்லிச் சந்தாவே கட்டாமல் விடும் இடங்களும் இருக்கின்றன. உங்களுடையது அப்படியானால் இப்போதே கேளுங்கள், ஏப்ரலில் கேட்டுப் பயனில்லை. இஎஸ்ஐ இல்லாவிட்டால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கலாம். இந்த ஆபரேஷன் அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே எழுதி வாங்குங்கள்.

பழனி விஷயம். அவிநாசியிலிருந்து தாராபுரம் வழியாக எண்பது கிலோமீட்டருக்கு மேல். தூரம் மட்டும் என்றால் பிரேஸ் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்துவிடலாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் பாத யாத்திரை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. தார்ச் சாலையின் உடைந்த ஓரத்தில், எதிரே லாரி விளக்கு கண்ணைக் கூச, கூட்டத்தோடு, பலர் வெறுங்காலில். உங்கள் கணுக்காலுக்கு அதைவிட மோசமான பாதையை யோசித்தாலும் கிடைக்காது. மேலே போனால் ஏறத்தாழ எழுநூறு படிகள் வேறு. நேர்த்திக்கடனுக்குத் தேதி வைத்தவர் நீங்கள்தான், முருகன் அல்ல. இந்த முறை பஸ்ஸில் போய் ரோப் காரிலோ விஞ்சிலோ ஏறிக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த தைப்பூசத்துக்கு ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருக்கும். கார்த்திகையிலிருந்தே நடைப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே வந்து, ஷூ போட்டுக்கொண்டு, பகலில் நடக்கும் குழுவோடு போகலாம்.

வள்ளிக்கும்மி ஆடலாம். உடனே அல்ல. ஒரே காலில் எகிறித் திரும்பும் அடவுகள் கணுக்காலுக்குக் கடினமான சோதனை, ஆகவே அவை கடைசியில் வரட்டும். ஒற்றைக் காலில் இருபது முறை குதிகால் உயர்த்த முடிந்து, இரண்டு கால்களிலும் தாவும் தூரம் ஏறத்தாழச் சமமான பிறகு, ஆறு மாதம் கழித்து வட்டத்துக்குள் போங்கள். கான்கிரீட் தளத்தைவிட மண் தரை நல்லது, மேடு பள்ளம் இல்லாமல் இருந்தால். உங்கள் கும்மி ஆசிரியர் அரங்கேற்றத் தேதியைச் சொல்லி அவசரப்படுத்தினால், அந்த அரங்கேற்றத்தில் பாட்டுக் குழுவில் நின்றுகொள்ளுங்கள்.

டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது ஸ்கேன் அறிக்கையை மட்டும் எடுத்துப் போகாமல் படங்களையும் எடுத்துப் போங்கள். காலணியைக் கழற்றி, நின்றபடி உங்கள் இரு குதிகால்களையும் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். வலது குதிகால் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஜவ்வை மட்டும் இறுக்கிப் பயனில்லை, சாய்ந்த குதி அதை மறுபடி இழுத்துத் தளர்த்திவிடும். குதிகால் எலும்பையும் சேர்த்து நேர்செய்ய வேண்டியிருக்கும். உங்கள் செருப்பின் வெளிப்பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று இன்றே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.